என் கூரையில் விளைந்த உள்ளி

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே குழாய், முப்பது வீடு. அந்த வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்று சொல்கிற வேலை என்னுடையது. யாரும் கொடுத்த வேலை இல்லை. என் குரலுக்கு மேல் குரல் கிடையாது என்பதால் வந்தது. அப்பேர்ப்பட்ட இந்தப் பிச்சம்மாளையே வாயடைக்க வைத்தவள் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய். அவளைப் பற்றிச் சொல்வதில் எனக்கு ரொம்பப் பெருமை.

முறுக்குச் சுற்றிப் பிழைக்கிறவள். புருஷன் தங்கபாண்டிக்குத் தோல் கிடங்கில் வேலை. 1964இல் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஒரு படி உள்ளி கொண்டுவந்தாள். சின்ன வெங்காயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இங்கே கிடைப்பதெல்லாம் காந்தா என்கிற பெரிய வெங்காயம். குழம்பில் போட்டால் பாயசம் மாதிரி இனிக்கும். பாதியைச் சமைத்துவிட்டு, மீதியைத் தசரா முடிந்ததும் ஆறு எண்ணெய்த் தகரங்களில் நட்டு வாசலில் வைத்தாள்.

சண்டை அங்கேதான் தொடங்கியது. தினமும் ஒரு குடம் தண்ணீர் தகரங்களுக்குப் போயிற்று. மனுஷருக்கே தண்ணீர் இல்லாத இடத்தில் வெங்காயத்துக்குக் குடமா? வரிசையில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"ஏளா, பொங்கலுக்குள்ள ஒரு உள்ளியாவது கண்ணுல காட்டணும். இல்லன்னா டின்னையெல்லாம் தூக்கி எறியணும். சரிதானா?"

"சரி மயினி," என்றாள். முகம் சுண்டிப்போனது. மறுபடி ஊருக்குப் போய் விதை எடுத்து வர இன்னும் மூன்று வருஷமாவது ஆகும்.

முளை வேகமாகத்தான் வந்தது. ஆனால் என்ன வளர்த்தி! முழ நீளத்துக்கு நூலாக இழுத்துக்கொண்டு, வெளிறிப்போய், நிற்கத் தெம்பில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அவள் இன்னும் தண்ணீர் ஊற்றினாள், தபேலா என்கிற எருமைக் கொட்டகையிலிருந்து சாணி வாங்கிக் கரைத்து ஊற்றினாள். அது இன்னும் நீண்டது.

கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு, மாஹிம் சந்தையில் கீரை விற்கும் மராத்திக்கார மாவ்ஷியிடம் ஓடினாள். மாவ்ஷி என்றால் சித்தி; எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். செம்பூர்ப் பக்கம் சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவள். செடியைப் பார்த்ததுமே சொன்னாளாம்: "ஊன் பாஹிஜே, ஊன்!"

பாஹிஜே என்றால் வேண்டும். சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஊன்? அதில் என்ன சந்தேகம், கம்பு ஊனச் சொல்கிறாள் என்று திருநெல்வேலிக் காது முடிவு கட்டிவிட்டது. வந்தவள் புது விளக்குமாற்றைப் பிரித்து, செடிக்கு ஒரு ஈர்க்குச்சி ஊன்றி, நூல் போட்டுக் கட்டினாள். அறுபது செடி. மத்தியானம் முழுக்கக் குனிந்த தலை நிமிரவில்லை. "உள்ளிக்குக் கைத்தடியாளா?" என்று நான் சிரித்த சிரிப்பில் சந்தே கூடிவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் குச்சி நின்றது, செடி தொங்கியது. தகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தங்கத்தாய் அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானே போய் மாவ்ஷியைக் கூட்டி வந்தேன்.

மாவ்ஷி குச்சிகளைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு விரலை மேலே நீட்டி "ஊன்!" என்றாள். விரல் போன திசையில் என் வீட்டுத் தகரக் கூரை பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. அவள் பாஷையில் ஊன் என்றால் வெயில்! எங்கள் சந்துக்குள் வெயில் இறங்குவதே இல்லை. வெளிச்சத்தைத் தேடித்தான் செடி அப்படி நீண்டிருக்கிறது.

மற்றதையும் கை ஜாடையிலேயே சொன்னாள். நெருக்கமாக நின்றதைப் பிடுங்கி இடம் விட்டாள். துவண்ட தாளை நாலு விரல் உயரம் விட்டு நறுக்கினாள். மண்ணில் விரலை விட்டுக் காட்டி, காய்ந்தால் மட்டும் தண்ணீர் என்றாள். சாணித் தண்ணீர் கூடவே கூடாது.

நாள் முழுக்க வெயில் படுவது என் கூரையில் மட்டும்தான். தங்கத்தாய் என் முன்னால் வந்து நின்றாள்.

"மயினி, உங்க கூரை வெயிலக் கொஞ்சம் குடுங்க."

தண்ணீர் கேட்டிருக்கிறார்கள், மாவு கேட்டிருக்கிறார்கள். வெயிலை ஒருத்தியும் என்னிடம் கேட்டதில்லை.

"வெயிலு எங்கப்பன் வீட்டுச் சொத்தா? ஏறுளா," என்றேன்.

முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும் காட்டி இறக்கினாள். பிறகு மேலேயே விட்டாள். ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் வீங்கியும் ஒரு நாள் தவறவில்லை. புதுத் தாள் தடியாக, கரும்பச்சையாக, எந்தக் குச்சியும் இல்லாமல் தானே நின்றது. ஒரு குடம் தண்ணீர் போய் இரண்டு சொம்பே போதுமென்று ஆனது. குழாயடியில் என் வாய்க்கும் வேலை போயிற்று.

தைப் பொங்கலன்று காலை எல்லோரும் வரிசையில் நிற்கும்போது கூடையோடு வந்தாள். ஒரு கொத்தை எடுத்து என் குடத்தின் மேல் வைத்தாள். ஒரே வேரில் ஆறு உள்ளி, சிவக்கச் சிவக்க. விதைக்குப் பத்துக் கொத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு ஒன்றாக முப்பது வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள்.

"மயினி, டின்னத் தூக்கி எறியணும்னு சொன்னியளே. எங்க எறியட்டும்?"

முப்பது வீட்டுக் கண்ணும் என் மேல்.

"எங்கூரை மேலயே எறிளா," என்றேன்.