ஏமன் புதுச்சேரியில் இல்லை

ஓமன் நாட்டின் எல்லைகளை நான் முதலில் தெரிந்துகொண்டது புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில். எங்களுக்கு வாடிக்கையாக மீன் தரும் கலைவாணியின் கணவன் செல்வம், அங்கே சலாலா என்ற ஊரில் மீன் வண்டி ஓட்டுகிறான். “கடலப் பாத்து நின்னா சோத்துக்கைப் பக்கம் ஏமன், முதுகுப் பக்கம் பாலைவனம், அதுக்கு அந்தாண்ட சவூதி” என்று போனில் சொல்லியிருக்கிறான். அவளுக்குத் தெரிந்த கடல் ஒன்றுதான். இங்கே சோற்றுக்கைப் பக்கம் புதுச்சேரி. ஆகவே ஏமனின் சண்டை புதுச்சேரியில் நடந்துகொண்டிருந்தது.

“டிவில குண்டு போடறத காட்டறாங்கோ. இது இன்னான்னா இன்னும் ரெண்டு வருசம் இருக்கறேன்னுது. நீ அங்க ஊர் சுத்திப் பாக்கப் போறியே அண்ணா, பாத்துட்டு நெசத்த சொல்லு. தூரம்னா இருக்கட்டும். கிட்டன்னா வந்துடணும்.”

கையில் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தையும் திணித்தாள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் தூதர் பதவி அது.

சலாலா விமான நிலையத்தில் செல்வம் என்னை விசாரிக்குமுன் பொட்டலத்தை விசாரித்தான். “நெத்திலியா?” பிறகுதான் எனக்கு வணக்கம். “ஊர்ல வூட்டு மாடி பாதில நிக்குது அண்ணாத்த. ஏமன் தூரம்னு மட்டும் சொல்லிடு. வேற ஒண்ணியும் சொல்லாத.”

முதல் நாள் காலை ஆறு மணிக்கு மேற்கே கிளம்பினோம். வழியில் தேநீர் நூறு பைசா. மலிவு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அங்கே ஆயிரம் பைசா சேர்ந்தால்தான் ஒரு ரியால். சலாலாவுக்குக் கடல் தெற்கே இருக்கிறது. பொழுது கடலிலிருந்து புறப்படுவதையே பார்த்து வளர்ந்த நான், அரை நாள் திசை கெட்டுத் திரிந்தேன். மலை செங்குத்தாகக் கடலில் கால் வைத்து நின்றது. சாலை அதன் மேல் வளைந்து வளைந்து ஏற, ஒட்டகங்கள் வழிவிட யோசித்தன. நூற்றைம்பது கிலோமீட்டரைத் தாண்டியபின் ராணுவச் சாவடியில் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு அப்பால்தான் ஏமன்.

மறுநாள் வடக்கே. மலையைத் தாண்டியதும் பச்சை போயிற்று. சாம்பிராணி மரங்கள் கொஞ்சம் நின்றன, அவையும் போயின. நான்கு மணி நேரத்துக்குப் பின் மணல். சிவந்த மணல், மலை மலையாக, வானம் தொடும்வரை. அதற்குள் எங்கோ சவூதியின் எல்லை. இன்னும் வடக்கே அமீரகம். கோடு கிழிக்கப் போனவர்கள் எதன்மேல் கிழித்தார்களோ! எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு நக்கல் தோன்றும். இங்கே தோன்றவில்லை. செருப்பைக் கழற்றினேன், ஏனென்று தெரியாது. காற்று நின்றபோது என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது.

திரும்பும் வழியில் டவர் கிடைத்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கலைவாணியை அழைத்தேன்.

“ஏமன் புதுச்சேரில இல்லம்மா. செங்கல்பட்டுலேந்து சிதம்பரம் போற தூரம்.”

“நெசமாவா?”

செல்வம் கட்டைவிரலை உயர்த்தினான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“முதுகுப் பக்கம் எப்டிண்ணா கீது?”

சொன்னேன். “திருக்கழுக்குன்றம் மலையைத் தாண்டினதும் ஊரே இல்லைன்னு வச்சுக்கோ. பெங்களூர் தாண்டியும் மணல். ஒரு மரம் இல்லை, டீக்கடை இல்லை, நாய்கூட இல்லை…” செல்வம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் கலைவாணி அரிவாள்மணையைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

“சண்டகூட மனுசன் இருக்கற எடத்துலதான் நடக்குது. ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு முதுகக் காட்டிகினா அது படுத்துகினு கீது? வரச் சொல்லுண்ணா.”

அடுத்த மாதம் வந்துவிட்டான். மாடி இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மார்க்கெட்டை ஒட்டிய கரையில் என்னைப் பார்த்ததும், “இனிமே எங்கனா போனா தூரத்த மட்டும் சொல்லு அண்ணாத்த. பாத்தத சொல்லாத” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கடலைப் பார்த்துத்தான் நின்றிருந்தான். அவன் முதுகுப் பக்கத்தில், வஞ்சிரத்துக்கு விலை குறைக்கச் சொன்ன யாரையோ கலைவாணி கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.