கப்பல் என்றொரு காய்

காரைக்காலில் அவரைச் சொல்தா சவியே, அதாவது சிப்பாய் சவியே, என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். சதுரங்கப் பைத்தியம். திருமலைராயன்பட்டினத்தில் மரவாடி வைத்திருந்த மீரா சாகிப்தான் அவருக்கு ஜோடி. வருடக்கணக்கில் ஞாயிறு தவறாமல் ஆடினார்கள்.

1971இல் சவியே எண்பது கட்டத்தில் ஒரு புது ஆட்டம் அமைத்தார். அதில் யானையைப் போல நேராக ஓடவும், குதிரையைப் போலத் தாவவும் செய்கிற ஒரு காய். கப்பல் என்று பெயர் வைத்தார். மீரா சாகிப் தன் தச்சனிடம் சொல்லி அதைக் கடைந்து வாங்கிக் கொடுத்தார். காப்புரிமை வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சவியே அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மனைவி மிரேய் பிரான்சுக்குக் கூப்பிட்டாள். "பதிவாகட்டும், வர்றேன்" என்றார். அவள் மகளோடு கிளம்பிப் போனாள்.

1978இல் ஒரு சென்னைப் பத்திரிகையின் சதுரங்கப் பக்கத்தில், வேறு பெயரில் அதே காய். சவியே பஸ் ஏறிப் போய் மரவாடி வாசலில் நின்று கத்தினார்.

"என் ஆட்டத்தத் திருடி வித்துட்டீங்களே, பாய்!"

"அல்லா மேல ஆணையா நான் வாயத் தொறக்கல, சவியே."

கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. மறு வருடம் மீரா சாகிப் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். சவியே துக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

1981இல் காப்புரிமை ஏஜெண்டின் கடிதம் வந்தது. ஆட்ட விதிகளுக்குக் காப்புரிமை கிடையாது. தவிர, அந்தக் காய் முந்நூறு வருடங்களுக்கு முன்பே ஐரோப்பாவில் அச்சான ஒரு புத்தகத்தில் இருக்கிறது. நகலும் இணைத்திருந்தார்.

அன்று சவியே சாப்பிடவில்லை. மறுநாள் காலை மீரா சாகிப்பின் மனைவி பத்ருன்னிசாவைத் தேடிப் போனார்.

"அவரு திருடலம்மா. நானும் புதுசா கண்டுபிடிக்கல."

அவள் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா அவங்கள? தெருவுல வச்சுத்தானே திருடன்னீங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

போனார். நடுப்பகல் வெயிலில் மரவாடி வாசலில் நின்று, "மீரா சாகிப் திருடன் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்" என்று மூன்று முறை உரக்கச் சொன்னார். மூன்று வருடம் முன்பு அவர் கத்தியதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது சிங்கப்பூரில் இருந்தார்கள். மரம் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் குடிகாரன் என்று நினைத்து நகரச் சொன்னார்கள்.

அடுத்த வருடம் அவரும் பிரான்சுக்குப் போனார். மகள் அனெத்தின் வீட்டில் ஐந்து வருடம் இருந்தார். சதுரங்கம் தெரியுமா என்று அங்கே யாராவது கேட்டால், தெரியாது என்பார்.