மெத்தைக் கடைக்கு என்ன வேண்டும்

கணவர் மஞ்சள் காமாலையில் இறந்த நாலாவது மாதம், திருவண்ணாமலையில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டிலிருந்து தினமும் காலை பஸ். படம் ஓடும்போது திரையின் அடிப்பகுதியில் உள்ளூர்க் கடைகளின் விளம்பர வரிகள் நகருமே, அவற்றை எழுதுவதுதான் என் வேலை. துக்கம் என்று எதுவும் தெரியவில்லை. மதியம் சாப்பிட்டேனா என்பதே மாலையில் ஞாபகம் இருக்காது.

எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாக் கடைக்கும் ஒரே வரியைப் போட்டுவந்தார்: 'தரமான பொருட்கள், நியாயமான விலை, ஒருமுறை வாருங்கள்.' கடையின் பேர் மட்டும் மாறும். ஒவ்வொருவராக விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"கடை கடையா போயி அவங்களுக்கு இன்னா வேணும்னு கேட்டுட்டு வாம்மா. அப்புறமா எழுது."

போனேன். கேட்டதும் எல்லாரும் "வியாபாரம் ஜாஸ்தியாகணும்" என்றுதான் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால்தான் உண்மையான தேவை வெளியே வரும். செங்கம் ரோட்டில் புதிதாக வாடகை அறைகள் கட்டியவரை யாருக்குமே தெரியாது. சந்துக்குள் இருந்த பல் டாக்டரைத் தெரியும், வழி தெரியாது. பவுர்ணமிக்கு நிரம்பி வழியும் லாட்ஜுக்கு மற்ற நாட்களில்தான் ஆள் வேண்டும். நோட்டில் பக்கம் பிரித்து, 'தெரியாது', 'வழி', 'நாள்' என்று தலைப்புப் போட்டு, கடைகளை அதனதன் கீழே எழுதினேன்.

மெத்தைக் கடை எதிலும் சேரவில்லை. பல வருஷக் கடை. கடைக்கார பாய் பக்கவாதத்தில் படுத்துவிட, அவர் மனைவி முக்காட்டோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே வேறு யாருமில்லை.

"கல்யாண சீசன் தள்ளுபடின்னு போடலாங்களா?" என்று கேட்டேன்.

"தள்ளுபடி எதுக்கும்மா? அவரு படுத்ததும் கடைய மூடிட்டோம்னு நெனச்சிட்டாங்க. நேத்து ஒருத்தரு வாசல்ல நின்னுகினு, கடைய எப்ப வித்தீங்கன்னு கேக்குறாரு. நான் உக்காந்துகினுதான் இருக்கேன். என்னையே பாத்து கேக்குறாரு."

புதுப் பக்கம் திருப்பி 'இருக்கிறோம்' என்று தலைப்பு எழுதினேன். 'கடை மூடவில்லை' என்று வரி போட்டேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"மூடலன்னு போட்டா, தெரியாதவனும் மூடிட்டாங்களோன்னு நெனப்பான்."

அவர் சொன்னது சரி. மாற்றி எழுதினேன்: 'மெத்தைக் கடை தினமும் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். இப்போது கடையைப் பார்த்துக்கொள்பவர் பாயின் மனைவி.'

இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஒரு கல்யாண வீட்டுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா டீ வரவழைத்தார்.

"வீட்ல யாரெல்லாம்மா இருக்கீங்க?"

"நானும் அம்மாவும்தாங்க. அவரு தவறிட்டாரு."

எங்கள் ஊரிலும் ஆபீசிலும் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை யாரிடமும் சொல்ல எனக்கு நேர்ந்ததில்லை. விளம்பர வரியைப் படித்துக் காட்டும் அதே குரலில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனேன்.

அந்த வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். அழுதது எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.