தோக்தோசுனின் தேயிலை டப்பா

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரக் கார் சந்தையில் என் கன்டெய்னர் கடைக்கு நேர் எதிரே தோக்தோசுனின் கன்டெய்னர். இருவருக்கும் ஒரே தொழில், கார் ஸ்டீரியோ. கூட்டம் மட்டும் அவனுக்கு. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ராணுவத்தில் வயர்லெஸ் பெட்டி சுமந்தவன். மூன்று பிள்ளைகள், ஓயாத இருமல். மதியத்துக்குக் கொண்டுவரும் சம்சாவில் பாதியை வாடிக்கையாளருக்கே கொடுத்துவிடுவான். அதிர்ந்து பேசமாட்டான். அந்த அடக்கம்தான் எனக்கு ஆகாது.

அவன் பேர் வாங்கியது ஒரு தேயிலை டப்பாவால். கணவாய் வழியாகத் தலைநகர் பிஷ்கெக்குக்கு டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்குப் பயணிகளுக்காகப் பாட்டும் ஓட வேண்டும், மேலே பனி சரிகிறது என்று மற்ற டிரைவர்கள் போனில் சொல்வதும் கேட்க வேண்டும். பழைய ஜப்பான் கார் ஸ்டீரியோவிலோ வயர் செருக ஒரே துளை. இவன் டப்பாவுக்குள் நாலே நாலு ரெசிஸ்டர் வைத்து, பாட்டு வயர், போன் வயர் இரண்டையும் அவற்றின் வழியாகச் சேர்த்து ஒன்றாக அனுப்புவான். அவை தடுப்பதால் ஒரு சத்தம் இன்னொன்றை அமுக்காது. சத்தம் கலக்கும் மிக்சர் என்பது அவ்வளவுதான். இதற்கு வரிசையில் நின்றார்கள்.

என் மனைவியின் தம்பி உலானும் அந்த வரிசையில் நின்றான். என் மகள் பிஷ்கெக் கல்லூரிக்குப் போய்வருவது அவன் டாக்ஸியில்தான்.

"சொந்த அக்கா புருஷன் இங்க இருக்கேன், அங்க என்னடா வேலை? அவன் டப்பா போட்டா சத்தம் குறையும். நான் போடறேன், வண்டியே அதிரும் பாரு."

சத்தத்தைக் குறைப்பது அந்த ரெசிஸ்டர்கள்தான். தோக்தோசுனை மிஞ்சியே தீர வேண்டுமென்று மிகச் சிறிய மதிப்பில் போட்டேன். மூடியில் என் பேரையும் எழுதினேன். வண்டி அதிர்ந்தது.

மூன்றாம் நாள் உலான் வெளிறிப்போய் வந்தான்.

"மாமா, பாட்டு மட்டும்தான் கத்துச்சு. சரிவு வருது, நில்லுன்னு போன்ல சொன்னது காதுலயே விழல. எங்களுக்கு ரெண்டு வளைவு முன்னாடி பனி விழுந்து ரோடே மூடிப்போச்சு. உங்க பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தா."

டப்பாவோடு உலான் எதிர்க்கடைக்குப் போனான். தோக்தோசுன் டப்பாவைத் திறந்து நாலு ரெசிஸ்டரையும் மாற்றினான்.

"மாமா வேலை லட்சணத்தப் பாத்தீங்களா அண்ணே?"

"ரெசிஸ்டர்தான் மட்டமான சரக்குப்பா. யாருக்கும் இப்படி ஆகும்."

என் பேர் இருந்த மூடியையே போட்டு மூடினான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் பிஷ்கெக்கிலிருந்து மகள் பேசினாள்.

"அப்பா, இப்ப ரெண்டும் தெளிவா கேக்குது. நல்லா போட்டிருக்கீங்க."

"சரிம்மா" என்றேன். தோக்தோசுன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.