ஜெட்டி இருந்த வரைபடம்

தொப்பி எண்ணுதல்

சிங்கப்பூரில் ஒரு ராவுத்தர் நடத்திய அச்சகத்தில் நான் கான்வாசராகச் சேர்ந்தேன். கடை கடையாக ஏறி விளம்பரம் வாங்கி வருகிறவனுக்குக் கான்வாசர் என்று பெயர். எனக்குக் கொடுத்த டெரிட்டரி ஜொகூர் பாரு. அப்போது இரண்டு கரைக்கும் நடுவே பாலம் கிடையாது. கப்பல் சிங்கப்பூரில் நிற்கும் நாளில் வெள்ளைக்காரப் பயணிகள் ரயிலில் உட்லண்ட்ஸ் வரை வந்து, ஃபெரியில் நீரிணையைக் கடப்பார்கள். மசூதியையும் அரண்மனைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவார்கள். அவர்கள் கையில் இலவசமாகக் கொடுக்க எங்கள் அச்சகம் ஆண்டுதோறும் ஒரு கைடு புத்தகம் போட்டது. அதன் செலவு முழுவதும் விளம்பரம் தரும் கடைக்காரர்களுடையது.

முதல் நாள் நான் டை கட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் பேச வேண்டியவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றேன். ராவுத்தர் மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, கடைக்காரன் உங்கிட்ட இங்கிலீஷ் கேக்க மாட்டான். ஒரு நாளைக்கு எத்தனை தொப்பி எறங்குதுன்னுதான் கேப்பான். மொதல்ல ஜெட்டிக்குப் போயி எண்ணு."

தொப்பி என்றால் வெள்ளைக்காரர்கள் போடும் சோலா தொப்பி. தொப்பி ஒன்றுக்கு ஒரு வாடிக்கையாளர் என்பது எங்கள் தொழிலின் கணக்கு. பெண்களின் தொப்பிகளை நான் தனியாக எண்ணினேன். பட்டுக் கடைக்காரர் அதைத்தான் கேட்பார் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தோன்றியது. எண்ணுவதில் எனக்குச் சலிப்பு வந்ததே இல்லை. எண்ணாமல் விட்டால்தான் தூக்கம் வராது.

எண்ணுவதற்கு வசதியான இடம் ஜெட்டி முனையில் இருந்த சர்பத் கடை. கடல் பார்த்த நான்கு பெஞ்சுகள், ஒரு தகரக் கூரை, மரத்தூளில் புதைத்து முதல் ஃபெரியில் வரும் ஐஸ் கட்டி, பொந்தியான் பக்கத்திலிருந்து படகில் வரும் அன்னாசி. கடையை நடத்தியவர் ரோசம்மாள். ஃபெரியில் வேலை பார்த்த அவர் கணவர் காய்ச்சலில் இறந்த பிறகு, இரக்கப்பட்டு அவருக்குக் கொடுத்த இடம் அது. அவருக்கு என் வயதுதான் இருக்கும். எழுத்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அவருக்குக் கிராணிதான்.

"கிராணியாரே, இன்னிக்கு எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்திரண்டு. ஒருத்தர் தொப்பி காத்துல பறந்து தண்ணிக்குள்ள போயிடுச்சு. நீங்க தலையை எண்ணியிருக்கணும்."

பக்கத்து பெஞ்சில் இருந்த படகுக்காரர்கள் சிரித்தார்கள். நான் நாற்பத்திரண்டு என்று திருத்திக்கொண்டேன்.

அவரிடம் விளம்பரம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "எனக்கெதுக்குங்க? ஃபெரியை விட்டவன் அடுத்த ஃபெரி வர்ற வரைக்கும் எங்க போவான்? இங்கதான வந்து உக்காரணும்" என்பார். வேலை முடிந்ததும் நானும் அடுத்த ஃபெரிக்காக அங்கே உட்காருவேன். சில நாட்களில் ஃபெரி வந்து நிற்பது தெரிந்தும் தெரியாதவன் போல இருப்பேன். அவர் இன்னொரு கிளாஸை என் முன்னால் வைப்பார்.

பழைய பிளாக்

பிறகு பாலம் திறந்தது. ரயில் கடல்மேல் ஓடி நேராக ஜொகூர் ஸ்டேஷனுக்கே வந்தது. ஊரெல்லாம் கொண்டாடியது. ஃபெரி நின்றது. ஸ்டேஷன் வாசலில் இறங்கிய தொப்பிகள் இடப்பக்கம் திரும்பி மசூதிக்குப் போயின. வலப்பக்கம் இருந்த ஜெட்டியின் பக்கம் தலை காட்டுவார் இல்லை. ரோசம்மாள் நான்கு பெஞ்சுகளில் மூன்றைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டார்.

அந்த ஆண்டுப் புத்தகத்துக்காக நான் வாசகங்களை எல்லாம் திருத்திக் கொடுத்தேன். ஃபெரி என்ற சொல்லை ஒவ்வொரு பக்கமாகத் தேடி எடுத்தேன். ஆனால் வரைபடத்தின் பிளாக், அதாவது அதைச் செதுக்கிய உலோகத் தகடு, பழையதாகவே இருந்தது. புதிதாகச் செய்யலாமா என்று கேட்டேன்.

"எதுக்குப்பா? மசூதி நகந்துடுச்சா, அரண்மனை நகந்துடுச்சா? பழைய பிளாக்கே போதும்" என்றார் ராவுத்தர்.

மசூதி நகரவில்லைதான். ஆனால் அந்தப் படத்தில் வழி தொடங்கும் இடம் ஜெட்டி. அங்கே ஒரு பெரிய கறுப்பு அம்புக்குறி, இங்கிருந்து புறப்படுக என்ற குறிப்போடு. ஸ்டேஷனில் இறங்கிய பயணிகள் புத்தகத்தைப் பிரித்தார்கள், அம்புக்குறியைத் தேடினார்கள், ஜெட்டிக்கு நடந்தார்கள். அங்கே போனால் ஃபெரி இல்லை, வண்டி இல்லை. கடலும் ரோசம்மாளும்தான்.

நான் போன அன்று ஒரு துரையும் அவர் மனைவியும் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோசம்மாள் மலாயில் "சானா, துவான், சானா" என்று ஸ்டேஷன் பக்கம் கை காட்டினார். காட்டிய கையோடு இரண்டு கிளாஸையும் நீட்டினார். வெயிலில் வழி தவறி வந்தவர்கள் எப்படி மறுப்பார்கள்?

"உங்க புஸ்தகத்துல என்னதான் போட்டிருக்கீங்க? கோவமா வர்றாங்க, குளுந்து போறாங்க" என்று ரோசம்மாள் சிரித்தார். மூன்று பெஞ்சுகளும் மறுபடி இறங்கியிருந்தன.

பிழை எங்கே என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. ஓர் எழுத்துப் பிழைக்காக இரவெல்லாம் புரண்டு படுப்பவன் நான். அந்தப் பிழை மட்டும் நீடித்திருக்க வேண்டும் என்று மாதா கோயிலில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் பலிக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் கோப்பிக் கடை வைத்திருந்த ஹைனான் சீனர் ஆ லோக், முழுப்பக்கம் கொடுத்தவர், என்னைத் தெருவிலேயே மறித்துக்கொண்டார். அவர் பேசியது பசார் மலாய், அதாவது கடைத்தெருக் கொச்சை மலாய். தமிழில் இப்படி வரும்:

"அலமாக், கிராணி! வெளம்பரம் என்னுது, ஆளு ஜெட்டிக்கா? வாசல்லயே நிக்கிறேன் லா. எறங்கினவன் உன் புக்கைப் பாக்கறான், எனக்கு முதுகைக் காட்டிட்டுப் போறான்!"

என் டெரிட்டரியில் இருந்த இருபத்திமூன்று விளம்பரதாரர்களில் ஒன்பது பேர் இதையே சொன்னார்கள். ராவுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். "புது பிளாக் போட்டுடுவோம். நீயே வரைஞ்சு கொண்டா, ஊரு ஒனக்குத்தான் தெரியும்."

ஒரு புள்ளி

வழி ஸ்டேஷனில் தொடங்கும்படி வரைந்தேன். ஜெட்டியை விட்டுவிட மனம் வரவில்லை. ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, கடற்காட்சி, குளிர்பானம் என்று பொடி எழுத்தில் எழுதினேன். காசு வாங்காமல் நான் புத்தகத்தில் ஏற்றிய ஒரே கடை அது. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன்.

ரோசம்மாள் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இந்தப் புள்ளி நானா?"

"நீங்கதான்."

"அழிச்சுடுங்க."

மோட்டாரில் வருகிறவர்கள் இருக்கிறார்கள், காற்று வாங்க வருவார்கள், அடுத்த ஆண்டு அரைப்பக்கமே போட்டுவிடலாம் என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அன்னாசியின் கண்களைச் செதுக்கினார்.

"மோட்டார்காரன் நிக்க மாட்டான் கிராணியாரே. தண்ணியப் பாப்பான், திரும்பிப் போயிடுவான். நான் சர்பத்தா வித்தேன்? உக்கார எடம் வித்தேன். இப்ப இந்த ஊர்ல யாரும் எதுக்கும் காத்திருக்க வேணாம். வழி தப்பி வர்றவங்களை வச்சு எத்தனை நாளைக்குப் பொழைக்கிறது? எங்க மாமா மகன் குளுவாங் ஸ்டேஷன்ல பாயிண்ட்ஸ்மேனா இருக்காரு. அங்க இஞ்சின் தண்ணி புடிக்க நிக்குமாம். சன்னலுக்கு சன்னல் கை நீட்டுவாங்களாம். ஒரு பலகை போட்டுக்கலாம்னு சொல்றாரு."

அவர் கத்தியை நிறுத்தினார்.

"இங்க உக்கார உங்களுக்கும்தான் இப்ப காரணமில்ல. ஸ்டேஷன்லேயே வண்டி ஏறலாம். ஆனாலும் வர்றீங்க."

"கணக்கு எடுக்கணும்ல."

"என்ன கணக்கு? இங்க தொப்பியே எறங்கறதில்லையே."

அதற்கு ஒரு பதில் இருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அலை ஜெட்டித் தூண்களில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தாளைச் சுருட்டினேன். சற்று நேரம் காத்திருந்துவிட்டு அவர் அடுத்த பழத்தை எடுத்தார்.

அச்சகத்துக்குத் திரும்பி அந்தப் புள்ளியை அழித்தேன். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே ரோசம்மாள் போய்விட்டார். பெஞ்சுகளைப் படகுக்காரர்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

குளுவாங்

சில மாதங்கள் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வடக்கே போகும் வண்டியில் ஏறினேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். டிக்கெட் கொடுத்தவர் எங்கே என்று கேட்டபோது, லாபிஸ் என்றேன். லாபிஸில் எனக்கு யாரும் இல்லை. குளுவாங் என்று சொன்னால், அங்கே என்ன வேலை என்று என்னிடம் அவர் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

குளுவாங்கில் இஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. ரோசம்மாள் சொன்னது சரிதான். பதினொரு சன்னல்களில் கை நீண்டிருந்தது. பலகைக் கடையிலிருந்து தட்டோடு ஓடி வந்தவர் என் சன்னலில் நின்றார். கொஞ்சம் கறுத்திருந்தார். புடவையில் ரயில் கரி.

"அட, கிராணியாரே!" முகம் மலர்ந்தது. "எறங்குங்க. வெயிலா இருக்கு, உள்ள வந்து உக்காருங்க."

"இல்ல, லாபிஸ் வரைக்கும் டிக்கெட்டு."

அவர் என் சட்டையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "லாபிஸ்ல வேலையோ?"

"ஆமா. ஒரு வெளம்பரம்."

"ஓ." ஒரு கிளாஸை என் கையில் கொடுத்தார். "குடிச்சுட்டு கிளாஸைக் கொடுத்துடுங்க. விசில் அடிக்கப் போறாங்க."

குடித்துவிட்டுக் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. அவர் அடுத்த சன்னலுக்குப் போகவில்லை. தட்டோடு அங்கேயே நின்றார். லாபிஸில் இறங்கி, பிளாட்பாரத்தில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த வண்டி குளுவாங்கில் நின்றபோது அவர் பலகை மூடியிருந்தது. மறு ஆண்டு பாயிண்ட்ஸ்மேனுக்குத் தைப்பிங் பக்கம் மாற்றல் வந்து, ரோசம்மாளும் அந்தக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. பிளாக்கைப் பற்றியும், புரூஃப் பார்ப்பதைப் பற்றியும், கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியும் சொல்வேன். ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒருவரிடம் என்ன கேட்டு வந்தீர்களோ அதை முதல் வரியிலேயே கேளுங்கள். வண்டி எங்கேயும் அதிக நேரம் நிற்பதில்லை.