உப்புக்குப் பயந்த தேவதை

குன்னூரில் தேயிலை வாசனை என்று சொல்லி மெழுகுவத்தி விற்கிறார்கள். போன மாதம் ஒன்றை மோந்து பார்த்தேன். சுற்றுலா விடுதிக் குளியலறையில் எலுமிச்சையும் சோப்பும் கலந்து அடிக்குமே, அதே வாடை. ஒரு நாளாவது தேயிலை ஃபாக்டரி வாசலில் நின்ற மூக்கு இதை மன்னிக்காது. மன்னிக்காத மூக்கை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அந்த மெழுகுவத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்றால், அது என் தங்கை மகள் நிவேதாவுக்காக.

நிவேதா கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், "பெரியம்மா, குன்னூர்ல புதுசா ஒரு கேம் கஃபே வந்திருக்குது, டேபிள் புக் பண்ணிட்டேன், நீங்களும் வரோணும்" என்றாள். போனேன். சுவரெல்லாம் ரோஸ் நிறக் காளான், கூரையிலிருந்து காகிதப் பட்டாம்பூச்சி. காபி கொண்டுவந்த பெண்ணின் முதுகில் வலைத்துணியில் ஒரு ஜோடிச் சிறகைக் கட்டிவிட்டிருந்தார்கள். அது பக்கத்து மேஜையில் இடித்துக் கோப்பை கவிழ்ந்தது. பாவம், அவளே குனிந்து துடைத்தாள், சிறகோடு. 

இது என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, இப்போது நான் கதவைத் திறக்கிறேன், இப்போது நான் ஓடுகிறேன் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். பகடை சொன்னதுதான் நடக்கும். வேஷம் எடுப்பதற்கு முன்னால் அந்த ஆள் யார், எங்கே பிறந்தது, எது பலம், எது பலவீனம், பூர்வகதை என்ன என்று ஒரு தாளில் நிரப்பிக்கொள்வார்கள். இந்தக் கஃபேயில் அதையும் வழவழப்பான அட்டையில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். நிவேதா எடுத்தது 'தேயிலைத் தேவதை'. பிறந்த இடம், தேயிலைப் பூவின் மடி. சிறகு, பட்டாம்பூச்சியா தும்பியா மின்மினியா, விரும்பியதைத் தேர்ந்தெடுக்கவும். தோல், ரோஜா நிறமா தந்த நிறமா பொன் நிறமா. இந்த மலையில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணின் நிறம்கூட அந்த வரிசையில் கிடையாது. சர்க்கரைப் பாகில் விழுந்த ஈ மாதிரி கண்ணை இழுத்து இழுத்துப் படித்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தேன்.

பலவீனம்: உப்பு.

அந்த வரியைத் திரும்ப ஒரு முறை படித்தேன். உலகத்தில் உப்புக்குப் பயந்த தேவதை ஒருத்திதான் உண்டு. அவள் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

இதே மலையின் மறுபக்கம், தேவாலாவில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கே வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். நனைந்த குடைகளின் வாடையும் கீழ்க்கடைத் துருவின் வாடையும் சேர்ந்துதான் எங்கள் ஆபீஸ் வாசனை. தேவாலா மழையைத் தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஜூனில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். கரண்ட் இல்லாத கம்ப்யூட்டர் சென்டரைவிட அசட்டுத்தனமான இடம் வேறு இல்லை. பிள்ளைகள் வரமாட்டார்கள், முதலாளியும் வரமாட்டார், நாங்கள் நாலு பேர் மட்டும் செத்துப்போன திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

அப்படி ஒரு நாள்தான் பிரகாஷ் அந்த விளையாட்டை எடுத்து வைத்தான். மேட்டுப்பாளையத்துப் பையன், எங்கள் சென்டரில் பாடம் எடுத்தவன். ஹாஸ்டலில் பழகிய விளையாட்டு, ஜெராக்ஸ் எடுத்த விதிப்புத்தகம், இருபது முகமுள்ள ஒரே ஒரு பகடை. கதைசொல்லி அவன்தான். ரிப்பேர் பார்க்கிற ஷாஜி ஒரு கோடாரிக்காரன் ஆனான். புத்தகத்தில் தேவதைகளுக்கென்றே ஒரு அத்தியாயம் இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது. எல்லாரும் சின்னதாக, எல்லாரும் அழகாக, எல்லாரும் பனித்துளி குடித்தபடி. அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டவள், பௌர்ணமியில் வழி தவறியவள், மனிதனைக் காதலித்துச் சிறகை இழந்தவள். பசி என்பது ஒருத்திக்கும் இல்லை. இதைச் சொல்கிற நான் மட்டும் யோக்கியமா? என் முதல் தேவதைக்கு நீலச் சிறகு, மல்லிகை வாசனை, பெயர் வெண்பனி. பிறந்த அன்றைக்கே போய்ச் சேர்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு உழுந்துருச்சுங்க" என்றான் பிரகாஷ், பகடையைப் பார்த்து. ஒன்று விழுந்தால் ஆள் காலி. "நீங்க படுத்துத் தூங்குன பூவ ஆடு மேஞ்சுருச்சு."

"நல்ல ஆடு" என்றான் ஷாஜி.

நாலாவது ஆள் ராஜி, டைப்பிங் சொல்லிக்கொடுக்க வந்தவள். ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தாள். அவளுடைய அம்மா சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து வந்தவர். ராஜி மழைக்காலத்தில் வந்ததும் வகுப்புக்குள் நுழையமாட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து, உப்பு முடிந்த துணியால் காலில் ஏறிய அட்டைகளை ஒவ்வொன்றாகத் தொடுவாள். தொட்டதும் சுருண்டு விழும். விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது. நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். அட்டை என்றால் எனக்கு அத்தனை அருவருப்பு. அன்றைக்கு அவள் படியிலிருந்தே எங்கள் கூத்தைக் கேட்டுக்கொண்டிருந்து, பிறகு உள்ளே வந்து அந்த அத்தியாயத்தைப் புரட்டினாள்.

"ஒருத்தி கூட எதுவும் திங்கமாட்டாளாக்கா?" என்றாள். "பூவுல பொறந்தாளாமே. எங்க தோட்டத்துல பூவுக்கு எங்க போறது? தேயிலையப் பூக்க விடுவாங்களா? பூக்கிறதுக்குள்ள கவாத்து வெட்டிருவாங்க."

உண்மைதான். செடி பூத்தால் கொழுந்து குறையும், அதனால் பூக்க விடாமல் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். தேயிலைப் பூவைப் பார்த்தால் தோட்டக்காரர்களுக்குக் கவலைதான் வரும்.

"நான் அட்டை" என்றாள் ராஜி. "தேவதைதான். ஆனா அட்டை."

"புக்குல அப்பிடி இல்லீங்களே" என்றான் பிரகாஷ்.

"புக்கு எழுதுனவரு இந்தப் பக்கம் மழைக்கு வந்திருக்க மாட்டாரு."

ஷாஜி தலையில் கை வைத்துக்கொண்டான். "எந்தா இது! அட்டைக்குச் சிறகு உண்டோ?"

"செறகு என்னாத்துக்கு? கால்ல ஏறுனா ஊரு போய்ச் சேந்துரலாம்."

தேவதைக்கு இரும்பு ஆகாது என்று புத்தகத்தில் இருந்ததை அடித்துவிட்டு, உப்பு என்று எழுதியவன் பிரகாஷேதான். பூர்வகதையை ராஜி சொன்னாள். வெளியே தகரத்தில் மழை அடித்த அடியில் நாங்கள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ராஜியின் அம்மாவுக்கு ஒரு அக்கா. பெயர் முத்துலட்சுமி. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டபோது, கல்யாணமாகியிருந்த முத்துலட்சுமி புருஷனோடு அந்தப் பக்கமே, இலங்கையில் பசறை என்கிற ஊரில், நின்றுவிட்டாள். தங்கை அப்பா அம்மாவோடு இந்தப் பக்கம். கிளம்புகிற அன்றைக்கு அக்காதான் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தாளாம். அக்கா காலைக் கடித்துக்கொண்டிருந்த அட்டை, ரோட்டில் இறக்கிவிட்டபோது தங்கை காலுக்கு மாறியது. கப்பல், ரயில், பஸ் எல்லாம் தாண்டி இந்த மலைக்கு வந்து இறங்கியது. அதுதான் ராஜியின் தேவதை. கொஞ்ச காலம் கடிதம் வந்ததாம். இலங்கைக் கலவரத்துக்கு அப்புறம் அதுவும் இல்லை.

"ரெண்டு பேரு ரத்தமும் ஒரே வயித்துல இருக்குங்கக்கா" என்றாள் ராஜி. அது விளையாட்டுக்காகச் சொன்னதில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பிரகாஷுக்கும் தெரிந்தது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அவளுடைய தேவதைக்கு ஒரு பலமும் உண்டு. யார் ரத்தத்தைக் குடித்ததோ அவர்களை மறக்காது. அதனால் ஒவ்வொரு முறை பகடை உருட்டும் முன்பும் ராஜி ஒரு பெயரும் ஊரும் சொல்வாள். "முத்துலட்சுமி, பசறை." பிறகுதான் உருட்டுவாள். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஷாஜி துபாய்க்குப் போன அண்ணன் பெயரைச் சொல்வான். நான் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சர் பெயரைச் சொல்வேன். பெயர் சொல்லாமல் உருட்டினால் செல்லாது, திரும்ப உருட்ட வேண்டும். பக்கத்திலில்லாத யாராவது ஒருவரை நினைத்துக்கொள்ளாமல் எங்கள் மேஜையில் யாரும் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

கதையில் அட்டை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, முத்துலட்சுமியைத் தேடி. கடற்கரை வரைக்கும் வந்துவிட்டது. எதிரே உப்புத் தண்ணீர். அதை எப்படித் தாண்டுவது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த போதுதான் மழை விட்டது, கரண்ட் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். "அடுத்த மழைக்கு முடிச்சரலாங்க" என்றான் பிரகாஷ். அடுத்த மழைக்குள் முதலாளி சென்டரை மூடிவிட்டார்.

"பெரியம்மா!" நிவேதா என் கையைத் தட்டினாள். "எங்க பாத்துட்டு இருக்கீங்க? இத சொல்லுங்க. இவ கடல் தாண்டி வந்தவளாம். அக்காவப் பிரிஞ்சவளாம். பிரிஞ்சதுக்குக் காரணம்னு மூணு குடுத்திருக்காங்க. எத டிக் பண்ணட்டும்?"

வாங்கிப் பார்த்தேன். ஒன்று, இருவரும் ஒரே இளவரசனைக் காதலித்தார்கள். இரண்டு, சூனியக்காரியின் சாபம். மூன்று, மாயக் கண்ணாடிக்காகச் சண்டை. பக்கத்தில் டிக் அடிக்கச் சின்னச் சின்ன இதயங்கள்.  அட்டை காலில் ஊர்ந்தபோதுகூட எனக்கு இத்தனை அருவருப்பு வந்ததில்லை. அட்டை கடித்தால் ரத்தமாவது வரும். இது ரத்தத்தைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் பன்னீர் தெளித்து வைத்திருந்தது.

கஃபே முதலாளி யார் என்று நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. பிரகாஷே வந்தான். தாடி வைத்திருந்தான், நல்ல சட்டை போட்டிருந்தான். "அக்கா! ஏனுங்க, ஒரு போன் பண்ணிட்டு வரமாட்டீங்களா?" என்று உண்மையான சந்தோஷத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கொஞ்சமாவது முழித்திருக்கலாம்.

"இது ராஜியோடதுதான?" என்றேன், நிவேதா கையிலிருந்த அச்சட்டையைக் காட்டி.

"ஆமாங்க்கா, நம்ம தேவாலா கேம்தான். இதுதான் எல்லாத்தையும்விட நல்லா போகுது. அட்டைன்னு வெச்சா டூரிஸ்ட் அருவருப்புப் படுவாங்கல்ல, அதான் கொஞ்சம் அழகு பண்ணீட்டேன்."

"அப்பறம் உப்பு எதுக்கு?"

அவன் அந்த அச்சட்டையைத் திருப்பி வாசித்தான். நெற்றியைச் சொறிந்தான். "பழைய தாள்ல உப்புன்னு இருந்துச்சுங்க. எதுக்குன்னு ஞாபகமில்ல. கண்ணீர்ல உப்பு இருக்குதில்லீங்க, அதுக்குப் பொருத்தமா இருக்குன்னு உட்டுட்டேன்."

ராஜி உப்புத் துணியோடு உட்கார்ந்த படியை மழைக்காலம் முழுக்க அவன் தாண்டித் தாண்டி ஏறியிருக்கிறான். ரத்தப் பொட்டு காலில் படாமல் ஏறுவான். உப்பு எதற்கு என்று அவனுக்கு ஞாபகமில்லை. தேயிலையைப் பூக்கவைத்த பேர்வழி வேறு எதைத்தான் ஞாபகம் வைத்திருப்பான்?

"ராஜியோட பெரியம்மா நெசமான ஆளு, பிரகாஷ்."

"அப்பிடிங்களா?" என்றான். "நான் கதைன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்." பிறகு நிவேதாவிடம் திரும்பி, "சூனியக்காரிய எடுத்துக்குங்க, அதுல நல்ல ட்விஸ்ட் இருக்குது" என்றான்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ரோட்டோரம் நின்று ராஜிக்குப் போன் செய்தேன். அவள் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. நான் கொட்டித் தீர்த்தேன். ரோஸ் காளான், வலைச்சிறகு, தந்த நிறம், இளவரசன், இதயம், ஒன்று விடவில்லை. அவளும் என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க பெரியம்மா பேரு போட்டிருக்கானாக்கா?" என்றாள்.

"இல்ல ராஜி. அது ஒண்ணுதான் ஆறுதல். பேரு, ஊரு ஒண்ணுமே போடல."



"போட்டிருக்கலாமேக்கா" என்றாள். "அங்க எங்கெங்கயோ இருந்தெல்லாம் ஆளு வருவாங்கல்ல. பசறைப் பக்கம் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒருத்தரு பாத்துட்டு, இவங்கள எனக்குத் தெரியுமேன்னு சொல்லிருப்பாங்கல்ல."

 சூப்பர்வைசர் வர்றாரு என்று அவளே போனை வைத்துவிட்டாள்.

தேவாலாவில் அந்த மாடி இப்போது செல்போன் கடை. படிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், மழையும் முன்போல அடிப்பதில்லை என்கிறார்கள். ஷாஜி எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, போகிறதுதான். நிவேதாவைக் கூப்பிட நான் திரும்ப உள்ளே போனபோது எல்லா மேஜையிலும் ஆட்டம் களைகட்டியிருந்தது. பகடைகள் பளபளவென்று, மேஜைக்கு ஒரு பை நிறைய. முத்துலட்சுமி, பசறை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்று கவனித்தேன். யாரும் எந்தப் பெயரும் சொல்லாமலேயே உருட்டிக்கொண்டிருந்தார்கள்.