வெள்ளைக் கேனின் வாடை

அந்தக் கேனில் மருந்து வாடை இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதில் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். டாக்டர் கேட்டபோது தெரியாது என்றேன்.

இதற்கு மேல் நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை... சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனாலும் படியுங்கள். சிலருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றத்தை மறைத்து வைத்துக்கொண்டு அந்த நன்றியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மன்றத்துக்கு நானே பொறுப்பு. ‘குப்பை என்று எதுவும் இல்லை!’ என்று வாசலில் எழுதி வைத்தவள் நான். வீட்டிலும் பால் பாக்கெட்டைக்கூடக் கழுவிக் காயவைப்பேன். "நம்ம வீட்டுக் குப்பைத்தொட்டி பட்டினி கெடக்கு" என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் மன்றத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. வீட்டில் வீணாகக் கிடப்பதை ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள், பயனுள்ளதாக மாற்றுவோம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஏழாம் வகுப்பு ஈஸ்வரி ஒரு வெள்ளைக் கேனைக் கொண்டுவந்தாள். அவள் அம்மா பேச்சியம்மாள் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள். திராட்சைப் பந்தலுக்குப் பூச்சிமருந்து அடித்தபின் மிஞ்சும் கேன் அது.

"எங்கம்மா சாம்பலு, சோப்பு எல்லாம் போட்டுக் கழுவுச்சு டீச்சர்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். சோப்பு மணம். அதற்கு அடியில், லேசாக... அந்த வாடை! மருந்தடித்த பந்தலுக்குக் கீழே ஒருமுறை நடந்தவர்கள்கூட அதை மறக்க மாட்டார்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

ஏன் அதைத் தூக்கி எறியவில்லை? என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அதே கேனைக் கழுவித்தான் தோட்டத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவார்கள். யாருக்கு என்ன ஆகிவிட்டது என்று நினைத்தேன். கை கழுவத்தானே, குடிக்கவா போகிறார்கள் என்றும் நினைத்தேன். இவை நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள். உண்மை ஒன்றுதான்... கொண்டுவந்த பொருட்களிலேயே அழகானது அந்தக் கேன். குழாய் பொருத்தி, கை கழுவத் தண்ணீர் நிரப்பி வகுப்பு வாசலில் வைத்தால் அதிகாரிகள் கண்ணில் முதலில் படும்.

பட்டது. பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதியம் பிள்ளைகள் விளையாடிக் களைத்து வந்தார்கள். குடிநீர்க் குழாயில் கூட்டம். ஈஸ்வரி தன் கேனின் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டாள். தன் வீட்டுக் கேன்தானே என்ற உரிமை! சற்று நேரத்தில் வாந்தி. வாயில் எச்சில் ஒழுக, கை கால் வெட்டி இழுக்கச் சுருண்டு விழுந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்று வந்தது. "ஏறுங்க டீச்சர், பிள்ளையச் சாய்ச்சுப் பிடிங்க" என்ற அந்த டிரைவர், வழியில் எங்கும் நிறுத்தவில்லை. வாடகை கொடுக்கப் போனபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்!

கம்பத்து ஆஸ்பத்திரியில், மருந்துக் கேன் தண்ணீரைக் குடித்துவிட்டாள் என்று மட்டும் உடனே சொன்னேன். அந்த ஒரு உண்மையையாவது என் நாக்கு சொன்னதே... அதற்காகக் கடவுளுக்கு நன்றி. பிள்ளை பிழைத்தாள்.

பிறகுதான் டாக்டர் கேட்டார். "இந்தக் கேனோட கைப்பிடி உள்ளுக்குள்ள குழாய் மாதிரி வெத்தா இருக்கு. எப்படிக் கழுவுனாலும் மருந்து அதுக்குள்ள தங்கிரும். வாடை வந்திருக்குமே, யாரும் பாக்கலையா?"

பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றாள். தோட்டத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள்.

"தெரியலைங்க டாக்டர். வீட்ல கழுவித்தான் குடுத்துவிட்டாங்க" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே... அன்று அது நடந்தது. "பெத்தவளே மருந்துக் கேனக் குடுத்து விட்டுருக்கியேடி!" என்று அவள் புருஷன் ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினான். ஊரும் அதையே பேசியது. பேச்சியம்மாள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்... சொல்லவில்லையே!

அதன்பிறகு காலிக் கேன்களில் இனி யாரும் தண்ணீர் பிடிக்க முடியாமல் குத்தி ஓட்டை போடும்படி வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். முதல் ஆளாகத் தன் வீட்டுக் கேனைக் கடப்பாரையால் குத்தியவள் பேச்சியம்மாள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் குத்தினார்கள். ஊரில் அதை ‘டீச்சர் சொன்ன ஓட்டை’ என்கிறார்கள். என்ன பேர் வாங்கிவிட்டேன், பாருங்கள்!

ஈஸ்வரிக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. தேனியில் இருக்கிறாள். அவள் உயிரோடு இருப்பதை நினைக்காமல் நான் ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

ஒவ்வொரு திராட்சை வெட்டுக்கும் பேச்சியம்மாள் என் வீட்டுக்கு வருவாள். பிளாஸ்டிக் பையில் தந்தால் நான் திட்டுவேன் என்று ஓலைக்கூடையில் கொண்டுவருவாள். இந்த முறையும் வந்தாள்.

"நான் செஞ்ச பாவத்துக்கு எம்பிள்ள போயிருக்கும் டீச்சர். நீங்க தூக்கிட்டு ஓடுனீக. தெய்வமா வந்தீக."

வாயைத் திறந்தேன். "பேச்சியம்மா, அந்தக் கேனு..." என்றேன். அதற்குள் அவள் கூடையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உங்களுக்குன்னு நல்லாக் கழுவிக் கொண்டாந்திருக்கேன். மோந்து பாருங்க டீச்சர்... மருந்து வாடை ஏதும் வருதா?"

முகர்ந்தேன். கறுத்த பழங்களின் இனிப்பு மணம் மட்டுமே இருந்தது.

"இல்லை பேச்சியம்மா" என்றேன். அவள் நிம்மதியாகச் சிரித்தாள்.